கூத்து ஜமாவுக்கு அரசாங்க உதவி: கைக்கு வர்றது எது, பேப்பர்ல மட்டும் இருக்கறது எது?

செய்யாறு_மருமான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தாய்மாமா கூத்து வாத்தியார், செய்யாறு பக்கத்துல சின்னதா ஒரு ஜமா (கூத்துக் குழு) வெச்சு நடத்துறாரு. மாசி பங்குனில ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் திரௌபதியம்மன் கோயில் பாரதம், மாரியம்மன் திருவிழா, நடுநடுவுல யார் வீட்லயாவது காரியம்னா கர்ண மோட்சம், இப்படி ஓடிடும். அதுக்கப்புறம் தான் தலவலி. மழை மாசத்துல ஆட்டம் கெடையாது, ஆனா வேஷக்காரங்களுக்கு, மத்தளக்காரருக்கு, முகவீணை ஊதறவருக்கு எல்லாம் அட்வான்ஸ் குடுத்து புடிச்சி வெச்சாதான் அடுத்த சீசனுக்கு நம்ம ஜமால நிப்பாங்க, இல்லன்னா பக்கத்து ஜமா தூக்கிட்டு போயிடும். அந்த அட்வான்ஸுக்கு மாமா வருஷா வருஷம் வட்டிக்கு வாங்குறாரு. ஊருங்க குடுக்கற கூலில வட்டி போனா மிச்சம் என்னன்னு நீங்களே பாத்துக்கங்க.

இப்ப யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்காங்க, வாரியத்துல பதியணும், மெட்ராஸ்ல மன்றத்துல எழுதி போடணும், டெல்லில கிராண்ட் இருக்கு, ஆன்லைன்லயே போடலாம்னு. "நீ தான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன், பாத்து சொல்லுடா"ன்னு என் தலைல கட்டிட்டாரு. நானும் ரெண்டு நாளா பாக்குறேன், ஒரு இடத்துல கலை பண்பாட்டுத் துறைங்கறான், ஒரு இடத்துல இயல் இசை நாடக மன்றம்ங்கறான், இன்னொரு இடத்துல சங்கீத நாடக அகாடமி, எது யாருக்கு குடுக்குறாங்கன்னே புரியல.

யாராவது நெஜமாவே வாங்கினவங்க இருந்தா சொல்லுங்க. அப்படியே இன்னொண்ணு, காசு வந்தா மட்டும் ஜமா நிக்குமா? மாமாவுக்கு அப்புறம் கத்துக்க ஆள் இல்லங்கறது தான் எனக்கு பெரிய பயமா இருக்கு.

---

பேப்பர்வேலை_பாண்டியன்:

தம்பி, நான் கலைஞன் இல்ல, ஆனா சில குழுக்களுக்கு விண்ணப்பம் எழுதி குடுத்துருக்கேன், அதனால வரிசையா சொல்றேன், பொறுமையா படிங்க.

மொதல்ல நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம். 2007ல வந்தது. உங்க மாமா மட்டும் இல்ல, ஜமால இருக்கற ஒவ்வொருத்தரும் தனித்தனியா பதியணும், வாத்தியார் பதிஞ்சா எல்லாருக்கும் ஆச்சுன்னு நெனைக்கறது தான் நெறைய பேர் பண்ற தப்பு. அந்த அட்டை இருந்தா புள்ளைங்க படிப்பு, கல்யாணம், பிரசவம், கண்ணாடி, விபத்து, சாவு செலவு இதுக்கெல்லாம் உதவித்தொகை உண்டு. தொகை பெருசா இருக்கும்னு நெனைக்காதீங்க. அதே மாதிரி வாத்தியக் கருவி, ஆடை அணிகலன் வாங்க தலா 10,000 ரூபா, 500 கலைஞர்களுக்கு குடுக்கற திட்டம் இருக்கு. மாநிலம் முழுக்க 500 பேரு, கரகம், பறை, பொம்மலாட்டம், கூத்து எல்லாரும் அதுக்குள்ள தான். நல்ல ஆர்மோனியம் ஒண்ணு அந்த காசுல வராது, ஆனா கிரீடம், புஜக்கட்டைக்கு கண்ணாடி ஒட்டி புதுசு பண்ணிக்கலாம்.

ரெண்டாவது வயசானவங்களுக்கு மாசாமாசம் வர்றது. நலிந்த கலைஞர் உதவித்தொகைன்னு சொல்றது, மெட்ராஸ்ல இருக்கற இயல் இசை நாடக மன்றம் மூலமா, இப்ப மாசம் 3000. இதை ஜமால இருக்கற மூத்த ஆளுங்களுக்கு ஒடனே போட்டு விடுங்க, ஏன்னா மத்திய அரசுலயும் 60 வயசு தாண்டின கலைஞர்களுக்கு மாசம் 6000 வரைக்கும் ஒரு திட்டம் இருக்கு, ஆனா அதுக்கு மாநில அரசு பென்ஷன் ஏற்கனவே வாங்கிட்டு இருக்கணும், மாநிலம் குடுக்கறதையும் சேத்துதான் அந்த 6000. இங்க வாங்காதவனுக்கு அங்க கதவு தெறக்காது.

மூணாவது விருது. மாவட்டத்துல வயசு வாரியா கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணின்னு அஞ்சு இருக்கு, மேல கலைமாமணி. சின்ன பசங்க யாராவது ஜமால வேஷம் கட்டுனா இளமணிக்கு கண்டிப்பா போடுங்க, 18 வயசுக்குள்ள இருக்கணும். காசுக்காக இல்ல, அந்த சர்டிபிகேட் பின்னாடி எந்த விண்ணப்பத்துக்கும் பக்கபலம்.

நாலாவது தான் உங்க மாமா மாதிரி ஆளுக்கு நெஜமா உதவற ஒண்ணு. மத்திய கலாசார அமைச்சகத்தோட ரெபர்டரி கிராண்ட். குரு சிஷ்ய பரம்பரைன்னு பேரு. குருவுக்கு மாசம் 15,000, சிஷ்யர்களுக்கு வயசைப் பொறுத்து 2,000ல இருந்து 10,000 வரைக்கும். மழை மாசத்துல ஜமாவை கட்டி வெக்கறதுக்கு இதைவிட பொருத்தமானது வேற இல்ல. ஆனா ஜமாவை சங்கமாவோ அறக்கட்டளையாவோ பதிவு பண்ணியிருக்கணும், பான் கார்டு, வரவு செலவு தணிக்கை, தர்பன் போர்ட்டல்ல (தொண்டு அமைப்புங்க பதியற மத்திய அரசு தளம்) பதிவு எல்லாம் வேணும். உங்க மாமா நோட்டுப் புஸ்தகத்துல பென்சில்ல எழுதி வெச்சிருக்கற கணக்கு செல்லாது. இன்னொண்ணு, பணம் லேட்டா வரும், மாசாமாசம் வரும்னு நம்பி யாருக்கும் வாக்கு குடுத்துடாதீங்க. நான் எழுதி குடுத்த ஒரு குழு அந்த நம்பிக்கைல கடன் வாங்கி மாட்டிக்கிச்சு.

---

வரிகட்டுறவன்:

யாரும் கோச்சிக்காதீங்க, நேராவே கேக்குறேன். ஜனங்க பாக்காத ஒரு கலைக்கு எதுக்கு எங்க வரிப்பணம்? பாக்கறவன் இருந்தா காசு தானா வரும், இல்லன்னா போகட்டும்னு விட வேண்டியது தானே. எங்க தாத்தா காலத்துல கமலை ஏத்தம் ஓட்டினாங்க, மோட்டார் வந்ததும் போச்சு, அதுக்கு வாரியமா வெச்சாங்க. பள்ளிக்கூடத்துல வாத்தியார் இல்ல, ஆஸ்பத்திரில மருந்து இல்ல, இதுல கூத்துக்கு பென்ஷனா?

---

ராஜபார்ட்_ரசிகன் (புதுக்கோட்டை):

வரிகட்டுறவன் அண்ணே, ஜனங்க பாக்கலன்னு யாரு ஒங்ககிட்ட சொன்னா? எங்க பக்கம் வந்து பாருங்க. பங்குனி சித்திரைல புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை சுத்துவட்டாரத்துல வள்ளி திருமணம் போடாத ஊரு எது? நூறு வருஷத்துக்கு முன்னாடி சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வெச்சது, அந்த மனுஷன் செத்து 1922லயே போயிட்டாரு, இன்னைக்கும் நாரதர் வள்ளி தர்க்கம் ஆரம்பிச்சா தூங்கிட்டு இருக்கற கெழவி எந்திரிச்சு ஒக்காந்துக்கும். இதுக்கு எந்த அரசாங்கம் காசு குடுத்துச்சு? தலக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்ளோன்னு போட்டு ஊரே குடுக்குது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு, எல்லாரும் வேற வேற ஊருல இருந்து பஸ்ஸுல வந்து அன்னைக்கு ராத்திரி தான் மேடைல சந்திப்பாங்க, ஒத்திகை கெடையாது, அப்படியே விடிய விடிய ஓடும். அதுவும் ஒரு இசை நாடகம் தானே, வெளிநாட்டுல இதுக்கு தனியா மாளிகை கட்டி வெச்சு டிக்கெட் விக்கறான், நம்ம ஆளு பொட்டல்ல பந்தல் போட்டு ஓசில காட்டுறான்.

இப்ப எனக்கு இருக்கற கோவம் வேற. கவர்மென்டு காசு குடுக்க வேணாம்யா, கையெழுத்து குடுத்தா போதும். ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ல வந்த ஒலி மாசு விதி இருக்கு. மாநில அரசு நெனச்சா விசேஷ நாளுக்கு 12 மணி வரைக்கும் தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல போகக்கூடாது. மூடின மண்டபத்துக்குள்ள வெச்சுக்கிட்டா விதிவிலக்கு. ஆனா பொட்டல்ல நடக்கற நாடகத்துக்கும் தெருவுல நடக்கற கூத்துக்கும்? நாடகம் தொடங்கறதே 10 மணிக்கு! பபூன் வந்து சிரிக்க வெச்சிட்டு போறதுக்குள்ள டைம் முடிஞ்சிருச்சுன்னா வள்ளி எப்ப வர்றது முருகன் எப்ப கட்டறது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் அனுமதி மனு, அப்புறம் மறுப்பு, அப்புறம் மதுரை ஐகோர்ட் கிளைல கேஸு, வக்கீல் பீஸு. எங்க ஊருல ஒரு வருஷம் நாடகத்துக்கு ஆன செலவுல பாதி கிட்ட அலைச்சலுக்கே போச்சு. ஊரு பெருசுங்க அலுத்துப் போயி அடுத்த வருஷம் ஆர்கெஸ்ட்ரா வெச்சு பத்து மணிக்குள்ள முடிச்சிட்டாங்க.

ஆக ஒரு கைல 10,000 குடுத்து இன்னொரு கையால மைக்க புடுங்கறது தான் இங்க நடக்குது. இதுல கொடும என்னன்னா, நாடகத்தை அரசாங்கம் கண்டு பயந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. வெள்ளக்காரன் 1876ல நாடகத் தணிக்கை சட்டம் போட்டான், நம்மாளுங்களும் 1954ல அதே மாதிரி ஒண்ணு போட்டாங்க, முன்கூட்டியே ஸ்கிரிப்ட் குடுத்து அனுமதி வாங்கணும்னு. எழுத்தாளர், நாடகக்காரர் ஞாநி கேஸ் போட்டு 2013ல தான் ஐகோர்ட்டு அதை செல்லாதுன்னு சொல்லிச்சு. சட்டம் போச்சு, ஸ்டேஷன்ல போய் நிக்கறது மட்டும் போகல.

---

வரிகட்டுறவன்:

பர்மிஷன் விஷயம் சரி, அது காசு கேக்கறது இல்லல்ல. அதுல எனக்கு ஆட்சேபண இல்ல. ஆனா பத்து மணிக்கு மேல பரீட்சைக்கு படிக்கற புள்ள, நெஞ்சுவலிக்காரர் எல்லாம் அந்த ஊர்ல இருப்பாங்கல்ல, அவங்களையும் யோசிக்கணும். கோன் ஸ்பீக்கர் நாலு திசைக்கும் கட்டி விட்டுட்டு கலைன்னு சொன்னா எப்படி.

---

ராஜபார்ட்_ரசிகன் (புதுக்கோட்டை):

கோனை கழட்டிட்டு சின்ன பாக்ஸ் ரெண்டு வெச்சு பந்தலுக்குள்ள மட்டும் கேக்கற மாதிரி பண்ணலாம்ணே, நானே சொல்றேன். அந்த கண்டிஷனோட அனுமதி குடுங்கன்னு தான் கேக்குறது. ஒட்டுமொத்தமா முடியாதுங்கறது தான் பிரச்சன.

வரிப்பணம் பத்தி கேட்டீங்கல்ல, அதுக்கும் சொல்லிடுறேன். சினிமாக்கு தமிழ்ல பேர் வெச்சா கேளிக்கை வரி கெடையாதுன்னு 2006ல அறிவிச்சாங்களே, அது யாரோட வரி? சின்ன பட்ஜெட் படத்துக்கு 7 லட்சம் மானியம்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு ஏன் யாரும் கமலை ஏத்தம் கதை சொல்றதில்ல?

---

திருச்சூர்_தமிழன்:

நான் கொஞ்ச வருஷமா கேரளாவுல வேல பாக்குறேன், அதனால ஒரு பக்கத்து வீட்டு கத.

இங்க செறுதுருத்தில கலாமண்டலம் இருக்கு. வள்ளத்தோள் 1930ல ஆரம்பிச்சப்ப அரசாங்க காசு கெடையாது, லாட்டரி நடத்தி பணம் சேத்தாங்க. பத்து வருஷம் ஓட்டிட்டு முடியாம 1941ல கொச்சி சமஸ்தானம் கைல போச்சு, அப்புறம் மாநில அரசு, 2006ல நிகர்நிலை பல்கலைக்கழகம். கதகளி, கூடியாட்டம் கத்துக்கற பையன் எட்டாங்கிளாஸ்ல சேந்தா ஸ்கூல் படிப்பும் அங்கயே, கலையும் அங்கயே, வெளிய வர்றப்ப டிகிரி. சொல்லிக் குடுக்கற ஆசானுக்கு மாச சம்பளம். இந்த "மாச சம்பளம்" தான் விஷயமே. விருது குடுக்கறது, பென்ஷன் குடுக்கறது எல்லாம் முடிஞ்சு போனவனுக்கு. ஆரம்பிக்கறவனுக்கு யார் குடுக்கறாங்கன்னு பாருங்க.

தமிழ்நாட்டுலயும் அப்படி ஒண்ணும் இல்லாம இல்ல. மாவட்ட அரசு இசைப்பள்ளின்னு 17 இடத்துல இருக்கு, குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் சொல்லித் தர்றாங்க, மூணு வருஷம், 12 வயசுல இருந்து சேரலாம். இந்த ஏழுல கூத்து எங்க? முகவீணை எங்க? நாகஸ்வரம் படிச்சவனுக்காச்சும் அறநிலையத்துறை கோயில்ல வேல கெடைக்க வாய்ப்பு இருக்கு. (அந்த கோயில்லயும் சுவிட்ச் போட்டா அடிக்கற கரண்ட் மேளம் வந்து ஒக்காந்துருக்கறது தனி கத.) பழனி கோயில் தேவஸ்தானமே தவில் நாகஸ்வரத்துக்குன்னு தனியா சொல்லிக் குடுக்குது. படிச்சா வேலைன்னு ஒரு கோடு தெரியுது பாருங்க. கூத்துக்கு அந்த கோடே போடல.

கர்நாடகா கரையோரம் வேற மாதிரி. அங்க நம்ம கூத்து மாதிரி ஆடற யக்ஷகானத்துக்கு கட்டீல் கோயிலே மேளம் (ஆட்டக்குழுவுக்கு அங்க அப்படி பேரு) நடத்துது, ஒண்ணு இல்ல, பல மேளம். பக்தர்கள் வேண்டுதலுக்கு ஆட்டம் புக் பண்ணிட்டு வருஷக்கணக்குல காத்திருக்காங்க. கலைஞனுக்கு சீசன் பூரா சம்பளம், கோயில் தான் மொதலாளி. ஆனா பாண்டியன் சார் சொன்ன மானியமோ கிராண்டோ இதுல இல்ல, பக்தி தான் பட்ஜெட். அங்கயும் ராஜபார்ட் அண்ணன் சொன்ன அதே ஒலிபெருக்கி விதி வந்து விடிய விடிய ஆடுறதை சுருக்க வெச்சிச்சு, அதுக்கு கரையோரமே கொந்தளிச்சுது.

---

கட்டியங்காரன்:

மருமான் தம்பி, நான் கூத்தாடி தான், நம்ம பக்கம். வேஷம் கட்டி வளந்தவன். ஒங்க மாமா யாருன்னு கூட எனக்கு தெரிஞ்சிருக்கும், பேரு வேணாம்.

திருச்சூர்காரர் சொன்னது பாதி சரி பாதி எனக்கு ஒத்துக்கல. கூத்தை ஸ்கூல்ல வெச்சு சொல்லித் தர முடியுமான்னா முடியும், காஞ்சிபுரம் பக்கத்துல கட்டைக்கூத்து குருகுலம் 2002ல இருந்து 2020 வரைக்கும் நடத்தி காட்டினாங்களே, பொம்பள புள்ளைங்க கிரீடம் கட்டி துரியோதனன் ஆடினதை நான் கண்ணால பாத்தேன். எங்க ஜமால எல்லாம் அதை நெனச்சு கூட பாத்திருக்க மாட்டோம். பதினெட்டு வருஷம் ஓடிட்டு நின்னு போச்சு. தனி ஆளுங்க எத்தினி வருஷத்துக்கு ஊர் ஊரா உதவி கேட்டு நடத்துவாங்க? அந்த எடத்துல தான் அரசாங்கம் வந்திருக்கணும்னு எனக்கு ஆதங்கம்.

ஆனா சர்டிபிகேட் வாங்கினவன் எல்லாம் ஆடிட மாட்டான் தம்பி. ஆட்டம் பத்து மணிக்கு களரி கட்டி, கதைய அறிவிக்கற கட்டியங்காரன் வந்து, தெர புடிச்சு, வேஷம் ஒவ்வொண்ணா வந்து, ரெண்டு மணிக்கு மேல தான் சூடு புடிக்கும். அந்த ரெண்டு மணில இருந்து விடியற வரைக்கும் குரல் நிக்கணும், அதுக்கு ஒடம்பு பழகறது ராத்திரில ஊருக்கு முன்னாடி தான், கிளாஸ் ரூம்ல இல்ல. அர்ச்சுனன் தபசுல மரம் ஏறிட்டு மேல நின்னு பாடறதை எந்த சிலபஸ்ல எழுதுவீங்க?

சென்னை சங்கமம் 2007ல ஆரம்பிச்சப்பவும் சரி, இப்ப 2023ல இருந்து திரும்ப நடத்துறப்பவும் சரி, நம்ம ஆளுங்களுக்கு சம்பளம், பஸ்ஸு, சாப்பாடு, மரியாத எல்லாம் நல்லா தான் இருக்கு, கொற சொல்ல மாட்டேன். வருஷத்துல ஒரு பொங்கல் நல்லா போகும். ஆனா மேடைல எவ்ளோ நேரம் குடுப்பாங்க? பறைக்கு, கரகத்துக்கு, ஒயிலுக்கு இருவது நிமிஷம் போதும், நச்சுனு இருக்கும். கூத்துக்கு இருவது நிமிஷம்னா கிறுகிறுன்னு சுத்திட்டு எறங்க வேண்டியது தான். கதையே கெடையாது. இப்ப சின்ன பசங்க அதையே பழகிட்டாங்க, இருவது நிமிஷக் கூத்துக்கு நல்லா தயாரா இருக்கான், பகடை துகில் (சூதாட்டமும் பாஞ்சாலி துகிலும்) முழு ராத்திரி போடச் சொன்னா பாட்டு தெரியல. கவர்மென்டு எதுக்கு காசு குடுக்குதோ அதுவா தான் கலை மாறும். இதை யாரும் யோசிக்கல.

எனக்கு ஒரு ஆசை உண்டு. பாரதம் வெக்கற திரௌபதியம்மன் கோயில் எத்தினி இருக்கு நம்ம ஜில்லால, அதுல பாதி அறநிலையத்துறை கைல. ஊரு பத்து ராத்திரி கூத்து வெச்சா அஞ்சு ராத்திரி கூலி ஊரு குடுக்கட்டும், அஞ்சு ராத்திரி துறை குடுக்கட்டும். இப்ப என்ன ஆகுதுன்னா வசூல் பத்தலன்னு பத்து ராத்திரி ஆறு ஆகுது, ஆறு மூணு ஆகுது, துரியோதனன் சாவற படுகளத்தன்னைக்கு மட்டும் துரியோதனன் வேஷம் கட்டினா போதும்ங்கறான். கலைஞன் கைல காசு குடுக்காதீங்க, ராத்திரிய வாங்குங்க. ராத்திரி இருந்தா ஜமா இருக்கும், ஜமா இருந்தா பையன் தானா வருவான். அவனுக்கு பெரிசா எதுவும் வேணாம், கட்டறதுக்கு ஒரு வேஷமும் சீசன் முழுக்க வேலையும் இருந்தா போதும்.

---

பேப்பர்வேலை_பாண்டியன்:

கட்டியங்காரன் அண்ணே, நீங்க சொல்ற மாதிரி ராத்திரிக்கு காசுன்னு எந்த திட்டத்துலயும் தலைப்பு இல்ல, அதனால தான் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. ஆனா கோயில் நிதில திருவிழா செலவுன்னு ஒரு இனம் இருக்கு, அதுல பந்தல், பூ, மின்விளக்கு அலங்காரம் எல்லாம் எழுதறாங்க. கூத்தையும் அந்த செலவுல சேத்து எழுதச் சொல்லி ஊர் சார்பா கோயிலைப் பாத்துக்க துறை போட்ட தக்கார்கிட்ட மனு குடுக்கலாம். சீரியல் செட்டுக்கு எழுதறவங்க ஜமாவுக்கு எழுத முடியாதுன்னு சொல்றதுக்கு காரணம் தேடணும். கெடைக்கும்னு கேரண்டி சொல்ல மாட்டேன்.

---

செய்யாறு_மருமான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு நெனைக்கல. மாமாகிட்ட போன்ல பூரா படிச்சு காட்டினேன். ரெபர்டரி கிராண்ட் பத்தி சொன்னதும் "சங்கம் பதிவு பண்ணா யாரு தலைவர்"னு தான் மொதல் கேள்வி, ஏன்னா அவருக்கும் மத்தளக்காரருக்கும் இப்பவே ஆகாது. கட்டியங்காரன் அண்ணன் சொன்னதைக் கேட்டுட்டு மட்டும் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "யாரோ நம்மாளு தான், பகடை துகில்னு சொல்றான் பாரு"ன்னாரு.

இப்போதைக்கு எல்லாருக்கும் வாரிய அட்டை, மூத்தவங்க மூணு பேருக்கு பென்ஷன் மனு, இது ரெண்டும் நான் பாத்துக்கறேன். பாண்டியன் சார், பதினாறு வயசு பையன் ஒருத்தன் பாஞ்சாலி வேஷம் கட்டுறான், அவனுக்கு கலை இளமணிக்கு போடணும்னா போட்டோ வேஷத்தோட இருக்கணுமா, சாதாரணமா இருந்தா போதுமா?

---

பேப்பர்வேலை_பாண்டியன்:

ரெண்டும் வெச்சிடுங்க. ஆடின ஊர் நோட்டீஸ் ஏதாவது இருந்தா, அதுல அவன் பேர் இருக்கற மாதிரி, ஜெராக்ஸ் எடுத்து சேருங்க. நம்மாளுங்க நோட்டீஸ்ல வாத்தியார் பேரும் நன்கொடை குடுத்தவர் பேரும் தான் போடுவாங்க, அடுத்த சீசன்ல இருந்தாவது பையன் பேரை போடச் சொல்லுங்க.